நிறுத்தி வைத்த டிரக்கில் தீ பிடிப்பது ஏன்? ரீகால் என்றால் என்ன, இலவசமாகச் சரிசெய்வது எப்படி?

2005 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் சுமார் 38 லட்சம் பிக்கப் டிரக்குகளையும் எஸ்.யு.வி.க்களையும் 'ரீகால்' செய்வதாக அறிவித்தது. காரணம், தீப்பிடிக்கும் அபாயம். அதுவும் ஓடும் வண்டியில் மட்டும் இல்லை. இன்ஜினை ஆஃப் செய்து, சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டு ஷெட்டில் விட்டுவிட்டுப் போன வண்டியும் தானாகத் தீப்பிடிக்கலாம் என்பதுதான் பிரச்னை.

இப்படி ஒரு செய்தி வந்ததும், 'அதான் கம்பெனியே சொல்லிட்டாங்களே, இனி அவங்க பார்த்துப்பாங்க' என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. ரீகால் அறிவிப்பு வந்த நாளில் எந்த வண்டியின் கோளாறும் சரியாவதில்லை. உரிமையாளர் வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், அந்தப் பாகத்தை மாற்றி வாங்கி வரும் நாளில்தான் அபாயம் நீங்குகிறது. ஃபோர்டு டிரக்குகளின் கதை இதற்கு நல்ல உதாரணம். என்ன நடந்தது, ரீகால் என்றால் என்ன, எப்படிச் சரிசெய்து வாங்குவது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ரீகால் என்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா?

தமிழ்ச் செய்திகளில் 'லட்சக்கணக்கான வாகனங்களைத் திரும்பப் பெறுகிறது நிறுவனம்' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். படிப்பவர்களுக்கு, வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றும். பெரும்பாலான ரீகால்களில் அப்படி நடப்பதில்லை.

வண்டியின் வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உயிருக்கு ஆபத்தான குறை இருப்பது தெரியவந்தால், அந்தக் குறிப்பிட்ட மாடல் வண்டிகளை சர்வீஸ் சென்டருக்கு வரவழைத்து, இலவசமாகச் சரிசெய்து கொடுப்பதுதான் ரீகால். வேலை முடிந்ததும் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சரிசெய்யவே முடியாத நிலையில்தான் வேறு வண்டி தருவது, பணத்தைத் திருப்பித் தருவது என்ற பேச்சு வரும்.

ஃபோர்டு டிரக்குகளில் என்ன கோளாறு?

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக அதிகம் விற்கும் பிக்கப் டிரக் ஃபோர்டின் எஃப் சீரிஸ். விவசாயி, கட்டட கான்ட்ராக்டர், பிளம்பர் என்று பலரும் பிழைப்புக்கு வைத்திருக்கும் வண்டி. அந்த டிரக்குகளிலும், அதே நிறுவனத்தின் வேறு பல மாடல்களிலும் 'க்ரூஸ் கண்ட்ரோல்' என்ற வசதி இருந்தது. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே ஒரே வேகத்தில் வண்டியைக் கொண்டுபோகும் வசதி இது. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ரொம்பவும் உதவும்.

டிரைவர் பிரேக்கை மிதித்தால் க்ரூஸ் கண்ட்ரோல் உடனே நின்றாக வேண்டும். அதற்கு பிரேக் பெடலில் ஒரு சுவிட்ச் உண்டு. ஒருவேளை அது வேலை செய்யாமல் போனால்? அதற்காக இரண்டாவதாக ஒரு சுவிட்சை பிரேக் ஆயில் லைனிலேயே பொருத்தியிருந்தார்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது உண்டாகும் ஆயில் பிரஷரில் இது இயங்கி, க்ரூஸ் கண்ட்ரோலைத் துண்டித்துவிடும். அதாவது, பாதுகாப்புக்காக வைத்த சுவிட்ச். தீ பிடித்ததும் இதிலிருந்துதான்.

இந்த சுவிட்சுக்குள் ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறுபக்கம் மின் இணைப்பு. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் மட்டும்தான். பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாக ஆண்டுக்கணக்கில் ஓடும்போது, படலம் இப்படியும் அப்படியும் வளைந்து களைத்து விரிசல் விடும். விரிசல் வழியாக பிரேக் ஆயில் மின் இணைப்புப் பக்கம் கசியும். அங்கே அரிப்பு ஏற்பட்டு, மின்சாரம் போகக் கூடாத வழியில் போய், சூடு ஏறும். கடைசியில் சுவிட்சின் பிளாஸ்டிக்கும் கசிந்த ஆயிலும் தீப்பிடிக்கும்.

இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் தீ எப்படி?

பெரும்பாலான மின் பாகங்களுக்கு, சாவியைத் திருப்பி இக்னிஷனை ஆஃப் செய்ததும் மின்சாரம் நின்றுவிடும். இந்த மாடல்களில் இருந்த சுவிட்சுக்கு அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து 24 மணி நேரமும் மின்சாரம் வந்துகொண்டே இருந்தது. அதனால் வண்டி சும்மா நிற்கும்போதும், வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போதும், சுவிட்ச் சூடேற வாய்ப்பு இருந்தது.

அமெரிக்காவில் நிறைய வீடுகளில் கார் ஷெட் வீட்டோடு ஒட்டியே இருக்கும். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கதவுதான். அதனால் டிரக்கில் பிடித்த தீ அதோடு நிற்கவில்லை. சில இடங்களில் வீடுகளும் சேர்ந்து எரிந்தன.

ஒரே கோளாறு, 10 ஆண்டு ரீகால்

இந்தப் பிரச்னைக்காக ஃபோர்டு ஒரே முறையில் எல்லா வண்டிகளையும் அழைக்கவில்லை. கட்டம் கட்டமாகத்தான் ரீகால் நடந்தது.

• 1999: 1992, 1993 மாடல் கார்கள் மட்டும். சுமார் 2.79 லட்சம்.
• 2005 ஜனவரி: 2000 மாடல் எஃப்-150 உட்பட 7 லட்சத்துக்கும் மேல்.
• 2005 செப்டம்பர்: 1994 முதல் 2002 வரையிலான எஃப்-150 உள்ளிட்டவை. சுமார் 38 லட்சம்.
• 2006: கனரக பிக்கப்கள், வேன்கள். சுமார் 12 லட்சம்.
• 2007: சுமார் 36 லட்சம்.
• 2009 அக்டோபர்: சுமார் 45 லட்சம்.

எல்லாம் சேர்த்து 1.4 கோடிக்கும் மேல். ஒரு கட்டத்தில் 'உங்கள் மாடலுக்கு ரீகால் இல்லை' என்று பதில் வாங்கிய உரிமையாளருக்கு, இரண்டு வருஷம் கழித்து 'உங்கள் வண்டியும் உண்டு' என்று கடிதம் வந்திருக்கும். ரீகாலை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது, அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரிசெய்தது எப்படி?

தீர்வு பெரிய வேலை ஒன்றும் இல்லை. சுவிட்சுக்குப் போகும் ஒயரில், ஃபியூஸ் வைத்த சிறு ஒயர் இணைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். சுவிட்சில் கோளாறு வந்து மின்சாரம் அதிகமாகப் பாய்ந்தால் ஃபியூஸ் போய்விடும், மின்சாரம் நின்றுவிடும், சூடேறாது. தேவைப்பட்ட வண்டிகளில் சுவிட்சையே மாற்றினார்கள்.

ஆனால் லட்சக்கணக்கான வண்டிகளுக்குத் தேவையான பாகம் ஒரே நாளில் தயாராகுமா? 2005 செப்டம்பர் ரீகாலில் முதலில் பாகம் கைவசம் இல்லை. அதனால் டீலரிடம் வண்டியைக் கொண்டுபோனவர்களுக்கு அந்த சுவிட்சின் இணைப்பைக் கழற்றிவிட்டார்கள். க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாது, ஆனால் தீ அபாயம் இல்லை. பாகம் வந்த பிறகு இரண்டாவது தடவை வரச் சொன்னார்கள்.

இதில்தான் நிறைய பேர் கோட்டை விட்டார்கள். கடிதத்தைப் பிரிக்காதவர்கள், பழைய வண்டியை வாங்கியதால் கடிதமே கிடைக்காதவர்கள், ஒரு நாள் வேலை கெட்டுவிடுமே என்று தள்ளிப்போட்டவர்கள் எனப் பல ரகம். 2008ல், லட்சக்கணக்கான வண்டிகள் இன்னும் சரிசெய்யப்படாமல் ஓடுகின்றன, உடனே கொண்டுபோங்கள் என்று அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தனியாக எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

2018ல் மறுபடியும் எஃப்-150

2018 செப்டம்பரில் அதே எஃப்-150 டிரக்குக்கு மறுபடியும் தீ அபாய ரீகால் வந்தது. இந்தத் தடவை காரணம் வேறு. விபத்து நேரத்தில் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க அதற்குள் சிறு வெடிமருந்து வைத்த கருவி ஒன்று இருக்கும். அது இயங்கும்போது தீப்பொறி அதிகமாகக் கிளம்பி, பக்கத்துத் தூணுக்குள் இருக்கும் ஒலித்தடுப்புப் பஞ்சில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள்.

2015 முதல் 2018 வரையிலான மாடல்களில் வட அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் டிரக்குகள் இதில் வந்தன. அமெரிக்காவில் 17, கனடாவில் 6 என்று புகை அல்லது தீ பற்றிய புகார்கள் பதிவாகியிருந்தன. தீர்வு? அந்தத் தூணுக்குள் இருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, வெப்பம் தாங்கும் டேப் ஒட்டுவது. அவ்வளவுதான். ஆனால் அந்த டேப்பை ஒட்டும்வரை, அடுத்த விபத்தில் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

'வெளியே நிறுத்துங்கள்' என்று சொன்னால் என்ன அர்த்தம்?

சில ரீகால்களில் 'சரிசெய்யும்வரை வண்டியை வீட்டுக்கு வெளியே, கட்டடங்களிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்' என்று ஒரு வரி இருக்கும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டி ஆஃப் ஆகி நிற்கும்போதே தீ பிடிக்கும் வகைக் கோளாறு அது என்று அர்த்தம்.

2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு இப்படிச் சொன்னார்கள். அங்கேயும் விவகாரம் பிரேக் ஆயில் கசிவுதான். ஏ.பி.எஸ். பிரேக் கருவிக்குள் ஆயில் கசிந்து ஷார்ட் சர்க்யூட் ஆகி, நிற்கும் வண்டியில்கூடத் தீப்பிடிக்கலாம் என்று எச்சரித்தார்கள். ஃபோர்டு சுவிட்சுக்கும் இதற்கும் இடையே பல ஆண்டு இடைவெளி இருந்தாலும், ஆயிலும் மின்சாரமும் சேர்ந்தால் நடப்பது ஒன்றுதான்.

சரிசெய்யாமல் விட்டால்?

2004ல் கலிஃபோர்னியாவில் இரண்டு சகோதரிகள் ஒரு காரை வாடகைக்கு எடுத்தார்கள். பவர் ஸ்டியரிங் ஆயில் கசிந்து பானட்டுக்குள் தீப்பிடிக்கலாம் என்று அந்த மாடலுக்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன்புதான் ரீகால் வந்திருந்தது. வண்டியைச் சரிசெய்யாமலே வாடகைக்கு விட்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது தீப்பிடித்து, ஸ்டியரிங் கட்டுப்பாட்டை இழந்து, எதிர்த்திசையில் வந்த லாரியில் மோதியதில் இருவரும் இறந்துபோனார்கள். மூத்தவருக்கு வயது 24, இளையவருக்கு 20.

அவர்களின் தாய் பல ஆண்டுகள் போராடினார். 2015ல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தச் சகோதரிகளின் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. 35க்கும் மேற்பட்ட வண்டிகள் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள், ரீகால் பாக்கி இருக்கும் வண்டியைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடக் கூடாது என்பது அந்தச் சட்டம்.

ஆனால் பழைய வண்டி விற்பனைக்கு அமெரிக்காவில் அப்படி ஒரு தேசிய அளவிலான தடை இல்லை. புது வண்டியை ரீகால் வேலை முடிக்காமல் டீலர் விற்கக் கூடாது. அதே டீலர் பழைய வண்டியை விற்கும்போது அந்தக் கட்டாயம் கிடையாது. வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வண்டிக்கு ரீகால் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் டிரக் அல்லது கார் வைத்திருப்பவர்களுக்கு வழி எளிது.

1. வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே டிரைவர் பக்கத்திலும், டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலும், பதிவு ஆவணத்திலும் இருக்கும். நம்மூரில் இதைத்தான் சேசிஸ் நம்பர் என்கிறோம்.

2. என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் ரீகால் தேடும் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். சரிசெய்யப்படாமல் பாக்கி இருக்கும் ரீகால் இருந்தால் காட்டும். 2014 முதல் இந்த வசதி இருக்கிறது. 'சேஃபர்கார்' என்ற மொபைல் ஆப்பும் உண்டு.

3. மாடல் பெயரை மட்டும் போட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே மாடலில் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் தயாரானவற்றுக்கு மட்டும் ரீகால் இருக்கலாம். எண்ணைப் போட்டால்தான் சரியாகத் தெரியும்.

4. பழைய வண்டி வாங்கியவர்களும், வீடு மாறியவர்களும் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் கடிதம் போகும்.

டீலரிடம் போகும்போது கவனிக்க வேண்டியவை

• எந்த ஊர் டீலராக இருந்தாலும் பரவாயில்லை. அதே பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் என்றால் போதும். வண்டியை அவரிடம் வாங்கியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

• ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. வாரன்டி முடிந்துபோயிருந்தாலும், நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் இலவசம்தான். அமெரிக்கச் சட்டப்படி, முதன்முதலில் விற்ற நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை இந்த உரிமை உண்டு.

• போவதற்கு முன் போன் செய்து, பாகம் கைவசம் இருக்கிறதா, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுவிடுங்கள். பாகம் இல்லை என்றால், 'அதுவரை தற்காலிகமாக என்ன செய்யலாம், வண்டியை ஓட்டலாமா, எங்கே நிறுத்துவது' என்ற மூன்றையும் கேளுங்கள்.

• தற்காலிக வேலை மட்டும் செய்தார்களா, முழு வேலையும் முடிந்ததா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 'இணைப்பைக் கழற்றியாச்சு' என்பதோடு விட்டுவிட்டால், வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

• ரீகால் வருவதற்கு முன்பே அதே கோளாறுக்குச் சொந்தக் காசு போட்டுச் சரிசெய்திருந்தால், பில்லைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கான வழிமுறை நிறுவனத்தின் கடிதத்தில் இருக்கும்.

• டீலர் இழுத்தடித்தால் முதலில் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பேசுங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் என்.எச்.டி.எஸ்.ஏ.வில் புகார் தரலாம். வண்டியைக் கொடுத்து 60 நாளாகியும் சரிவரச் சரிசெய்யவில்லை என்றால், நியாயமான காலத்துக்குள் வேலையை முடிக்கவில்லை என்பதற்கு அதையே முகாந்திரமாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

• சரிசெய்த சில நாள் கழித்து அதே எண்ணை இணையதளத்தில் மறுபடி போட்டுப் பாருங்கள். பாக்கி இல்லை என்று வர வேண்டும்.

இந்தியாவில் என்ன விதி?

அமெரிக்காவில் ரீகாலுக்கான சட்டம் 1966லேயே வந்துவிட்டது. இந்தியாவில் 2012ல்தான் வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான 'சியாம்' தானாக முன்வந்து ஒரு நெறிமுறையைக் கொண்டுவந்தது. சட்டமாக வந்தது 2019ல். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன.

இதன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உரிமையாளர்களிடமிருந்து புகார் வந்தால், விசாரித்து, ரீகால் செய்யுமாறு மத்திய அரசு உத்தரவிட முடியும். தவறு செய்த நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தும். புகார்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் நடவடிக்கை என்பதால், உங்கள் வண்டியில் கருகல் வாசனை, புகை, ஒயர் உருகல் போன்றவை வந்தால் மெக்கானிக்கிடம் சரிசெய்வதோடு நிறுத்தாமல், அரசின் வாகன இணையதளத்தில் புகாரையும் பதிவு செய்வது நல்லது.

இந்தியாவில் ரீகால் இருக்கிறதா என்று பார்க்க, ஆர்சி புக்கில் இருக்கும் சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் தேடலாம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். பழைய லாரி, கார் வாங்கும்போது இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் பார்க்கிறோமே, அதோடு இதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

ஓடும்போது புகை வந்தால்?

வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். உள்ளே இருக்கும் எல்லாரையும் இறக்கிவிட்டு, குறைந்தது 30 மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். பொருளை எடுக்கத் திரும்பி ஓடாதீர்கள். பானட்டைத் திறந்து பார்க்கவே கூடாது. காற்று உள்ளே போனதும் தீ குப்பென்று பெரிதாகிவிடும். இந்தியாவில் 101 அல்லது 112, அமெரிக்காவில் 911 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

நிற்கும் வண்டியிலிருந்து கருகல் வாசனை வந்தாலோ, வண்டிக்குக் கீழே ஆயில் கசிந்திருந்தாலோ, க்ரூஸ் கண்ட்ரோல் திடீரென்று வேலை செய்யாமல் போனாலோ, 'வண்டி ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட வேண்டாம். அன்றைக்கே வண்டியை வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு, அடையாள எண்ணைப் போட்டு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து, சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள்.